வெள்ளிக்கிழமைக் கார்

லூகோ,
பிப்ரவரி 20

அன்புத் தங்கை நீவெஸுக்கு,

அண்ணன் எர்மெஸ் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அண்ணி மஃபால்டாவுக்கு மட்டும் முழங்கால் வலி, அதற்கும் நான்தான் காரணமாம். நீயும் மாப்பிள்ளை சாந்தேவும் எப்படி இருக்கிறீர்கள்? அந்த பெல்ஜியம் குளிரில் உங்கள் கடை ஐஸ்கிரீமை யார்தான் வாங்கித் தின்கிறார்களோ, எனக்கு இன்னும் புரியவில்லை.

இனி விஷயம். கார் முடிந்துவிட்டது நீவெஸ்! நேற்று மாலை பட்டறை நடுவில் இறக்கி வைத்தோம். இதற்கு முன்னால் செய்த இரண்டையும் மறந்துவிடு. அதெல்லாம் காரே இல்லை, சக்கரம் வைத்த அலமாரி. இது சும்மா நிற்கும்போதே ஓடுகிற மாதிரி இருக்கிறது. நிறம் மட்டும் பழைய மஞ்சள்தான். முதலாளி ஸன்னோனி, தான் செய்து விற்கிற பழத்தோட்டப் பூச்சிமருந்து மெஷினுக்கு அடிக்கிற மஞ்சளைத் தவிர வேறு பெயிண்ட் வாங்க மாட்டார். அவர் வந்து காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு. ஓடுமா?"

"பறக்கும் முதலாளி."

"போன தடவையும் இதேதான் சொன்னே."

விதி உனக்குத் தெரியும். உலகத்திலேயே பெரிய கார் பந்தயம். எங்களைப் போன்ற சின்ன அணிகளின் எட்டு கார்களுக்கு வெள்ளிக்கிழமை காலை எட்டிலிருந்து ஒன்பது வரை தனியாக ஒரு மணி நேரம் தருவார்கள். அதில் வேகமான நான்கு மட்டும் உள்ளே போய்ப் பெரியவர்களோடு மோதலாம். அங்கேயும் தேறினால்தான் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம். மற்ற நான்கும் ஒன்பது மணிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். இரண்டு வருஷமாக நாங்கள் அந்த ஒன்பது மணியைத் தாண்டியதில்லை. ஊரில் என்னை 'வெள்ளிக்கிழமைக்காரன்' என்றே கூப்பிடுகிறார்கள். இந்தத் தடவை அத்தனை வாயும் மூடும், பார்த்துக்கொண்டே இரு.

ஓட்டப்போகிறவன் டூச்சோ என்று ஒரு லிவோர்னோப் பையன். வாய் நீளம், பயம் கிடையாது. படம் ஒன்று வைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
எர்மெஸ்


செராங்,
மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீவெஸ் எழுதுகிறேன். இங்கே நாங்கள் நலம். அண்ணி முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாளா? நீ கொடுக்கிறாயா என்று கேட்டிருக்க வேண்டும், கேட்டுப் பயனில்லை.

படத்தில் காருக்குப் பக்கத்தில் நீ நிற்கிற நிற்பைப் பார்த்து சாந்தே சொல்கிறார்: "உங்க அண்ணன் கல்யாணப் போட்டோவுல கூட இவ்வளவு சிரிக்கலையே!" அதை இங்கே இத்தாலியர் சங்கத்தில் மாட்டியாயிற்று. ஆயுசு முழுக்க நிலக்கரி வெட்டிவிட்டு ஓய்வில் இருக்கிற மனிதர்களுக்கு வேறென்ன பொழுதுபோக்கு? அவர்களில் பிரிமோ என்பவர் தினமும் வந்ததும் படத்துக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுத்தான் சீட்டாட உட்காருகிறார்.

ஒன்று கேட்கிறேன். சித்தப்பா மகள் இல்வா எழுதியிருந்தாள். ஸன்னோனி இந்தக் காரோடு பந்தயத்துக்குக் கும்பிடு போடப்போகிறாராம். பட்டறையைக் கிடங்காக்கப் போகிறாராம். நீ இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், பெயிண்டைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறாய், இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இது கடைசிக் காரா அண்ணா?

மறைக்காமல் எழுது. அண்ணிக்கு என் அன்பு.

நீவெஸ்


லூகோ,
ஏப்ரல் 30

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சௌக்கியம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த இல்வாவின் வாய்க்கு ஒரு பூட்டு செய்து அனுப்பலாம் என்று இருக்கிறேன்.

ஆமாம், கடைசிக் கார்தான். எஞ்சின் வாடகைக்கு எடுத்தது. ஆகஸ்ட் கடைசி ஞாயிறோடு முதலாளி அதைத் திருப்பிக் கொடுக்கிறார். அதற்குப் பிறகு காரும் இல்லை, அணியும் இல்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா அந்த இடத்துக்கு வந்ததும் பெயிண்ட் பக்கம் திரும்பிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே.

வேலை போய்விடும் என்ற கவலை இல்லை, மருந்து மெஷின் பக்கம் போட்டுக்கொள்வார். எனக்கு இருப்பது ஒரே ஆசை. இந்தக் கார் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பந்தய வரிசையில் நிற்க வேண்டும். கடைசி இடமானாலும் சரி. அதைப் பார்த்துவிட்டால் அப்புறம் ஆயுசு முழுக்க மருந்து மெஷின் மாட்டுவேன், முணுமுணுக்க மாட்டேன்.

பக்கத்து ஊர் இமோலாவில் நடந்த பந்தயத்தில் கை நழுவிவிட்டது. நம் வீட்டு வாசலில்! ஐந்தாவது இடம், கண்ணிமைக்கிற நேரம்தான் வித்தியாசம். மூன்றாவது கியர் தானாகக் கழன்றுகொள்கிறது, சனியன். மூட்டை கட்டும்போது பக்கத்துப் பெரிய அணியின் தலைமை மெக்கானிக், பருத்த மனிதர், கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: "என்னப்பா, பூச்சிக்கு மருந்தடிச்சு முடிச்சாச்சா?"

"உங்க காரைச் சுத்தித்தான் பூச்சி ஜாஸ்தி. அங்கயும் அடிக்கட்டுமா?" என்றேன்.

மூட்டை கட்டுவதில் மட்டும் எங்களை மிஞ்ச உலகத்தில் ஆளில்லை. லாரி ஓட்டுகிற லெயார்கோ எட்டே முக்காலுக்கே ஜாக்கி, சக்கரம் கழற்றும் துப்பாக்கி, உதிரி கியர் எல்லாவற்றையும் ஏற்றி, லாரியைக் கிளப்பி உட்கார்ந்திருப்பான். அந்தச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. நான் தொப்பியைக் கழற்றி ஆட்டினால் புறப்பட்டுவிடுவான். காரை நாங்கள் சின்ன லாரியில் பின்னால் கொண்டுவருவோம். அன்று பதினோரு மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தேன். மஃபால்டா தட்டை எடுத்து வைத்தாள். "வெள்ளிக்கிழமைன்னா நான் காலையிலயே பாஸ்தாவுக்குத் தண்ணி வெச்சுடுவேன்" என்றாள், அவ்வளவுதான்.

இன்னும் பந்தயங்கள் இருக்கின்றன. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

எர்மெஸ்


செராங்,
மே 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம், நலத்தை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம். சங்கத்தில் தீர்மானம் போட்டாயிற்று! ஆகஸ்ட் 25, ஞாயிறு, இங்கே பெல்ஜியத்தில் ஸ்பா என்கிற ஊரில் பந்தயம். எங்களுக்கு ஒரு மணி நேர வழி. பஸ் பேசிவிட்டோம். நாற்பத்தெட்டுப் பேர், இன்னும் இரண்டு பேர் நின்றுகொண்டே வருகிறோம் என்று சொல்லி அழுகிறார்கள்.

பிரிமோ யாரோ விவசாயியிடமிருந்து மாட்டு மணி வாங்கி வந்திருக்கிறார், தலையணை அளவு இருக்கிறது. படுக்கை விரிப்பில் பேனர் எழுதியாயிற்று, 'எர்மெஸ்' என்று. "கார் ஓட்டற பையன் பேரை எழுதணும்யா" என்று சாந்தே சொன்னார். "அவனை யாருக்குத் தெரியும்? நமக்குத் தெரிஞ்சது எர்மெஸ்தான்" என்று பிரிமோ அடித்துச் சொல்லிவிட்டார்.

நீங்கள் காரை நிறுத்தி வேலை பார்க்கிற இடம், அந்த பிட்டுக்கு நேர் எதிரே எந்த கேலரி? உடனே எழுது, டிக்கெட் வாங்க வேண்டும். நெஞ்சு இப்போதே படபடக்கிறது.

நீவெஸ்


செராங்,
ஜூன் 27

அண்ணா,

சௌக்கியமா? நாங்கள் சௌக்கியம். தபால்காரர் மேல் பழி போடலாம் என்று பார்த்தேன், இல்வாவின் கடிதம் நான்கு நாளில் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு வரி போதும். எந்த கேலரி?

நீவெஸ்


லூகோ,
ஜூலை 18

அன்புத் தங்கைக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. உடம்பு எல்லோருக்கும் நன்றாக இருக்கிறது. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பீச் பழம் இந்த வருஷம் ஏராளம்.

கேள், ஒரு அதிசயம் நடந்திருக்கிறது! மூன்றாவது கியரின் நோயைப் பிடித்துவிட்டேன். கியர் தண்டு வளைகிறது, அதனால்தான் கழல்கிறது. புதிது செய்ய நேரமில்லை. கிடங்கில் சுற்றும்போது மருந்து மெஷினின் தெளிப்புக் குழாய் ஒன்று கண்ணில் பட்டது. மெல்லிசு, ஆனால் இரும்பு மனசு. வெட்டி மாட்டிவிட்டேன். இப்போது கியர் போட்டால் போட்ட இடத்தில் உட்காருகிறது! டூச்சோ ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து என் கன்னத்தில் முத்தமே கொடுத்துவிட்டான். "அண்ணே, இது வேற காருண்ணே!" என்கிறான்.

கேலரி கேட்டாய். பிட்டுக்கு எதிரே இருப்பது பெரிய கேலரி. அங்கே மழை பெய்யும், குடை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிமோவுக்கு என் மரியாதை.

எர்மெஸ்


செராங்,
ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது, குடை எடுத்துக்கொள்கிறோம். பஸ் விஷயத்தைப் பற்றி நீ ஒன்றும் யோசிக்காதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ காரைப் பார். ராத்திரி தூங்கு. அண்ணியின் முழங்கால் தேவலையா?

நீவெஸ்


ஸ்டாவலோ (ஸ்பா பக்கம்),
வெள்ளி மாலை, ஆகஸ்ட் 23

அடி நீவெஸ்!

காகிதத்தை முழங்காலில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இதை லெயார்கோ கையில் கொடுத்தனுப்புகிறேன். உன்னிடம் நேரில் மன்னிப்புக் கேட்டே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அவனுக்கு ஐஸ்கிரீம் கொடு, திட்டாதே. காலையிலிருந்து அவன் தின்றது திட்டு மட்டும்தான்.

வெள்ளிக்கிழமையா வந்தீர்கள்? காலை எட்டு மணிக்கா? அந்த நேரத்தில் அந்த கேலரியில் ஒரு காவலாளிகூட இருக்க மாட்டார். மூடுபனியில் டூச்சோவுக்குப் பெல்ட் கட்டிக்கொண்டிருக்கிறேன், டங் டங்கென்று சத்தம். மாடு ஏதோ ஓடுபாதையில் இறங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்தால் காலி கேலரி நடுவில் ஒரு கூட்டம், படுக்கை விரிப்பில் என் பெயர்! "என்னண்ணே, நீங்கதான் ஓட்டறீங்களா?" என்று டூச்சோ கேட்டான்.

கடைசிப் பத்து நிமிஷம் வரைக்கும் ஆறாவது இடம். எங்கள் ஆட்கள் வழக்கப்படி லாரியில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார்கள். நானும் தடுக்கவில்லை, பழக்கம் அப்படி. டூச்சோ கடைசியாக ஒரு தடவை வெளியே போனான். நான் உங்களைப் பார்த்தேன். பிரிமோ இரண்டு கையாலும் மணியைத் தூக்கித் தூக்கி அடிக்கிறார், நீ பெஞ்சு மேல் ஏறி நிற்கிறாய். தொப்பியைக் கழற்றி உங்களுக்கு ஆட்டினேன்.

உங்களுக்குத்தான் ஆட்டினேன்! அந்த மகராசன் லெயார்கோ லாரிக் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டுவிட்டான்.

எனக்குத் தெரியாது. டூச்சோ கோட்டைக் கடக்கிறான், நேரம் வருகிறது, நான்காவது இடம்! ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கட்டிப்பிடித்து உருண்டோம். அப்புறம் எழுந்து, "தம்பிகளா, ஜாக்கியைக் கொண்டாங்கடா" என்றேன். எல்லோரும் லாரி நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜாக்கி இல்லை, துப்பாக்கி இல்லை, ஒரு ஸ்பேனர் இல்லை. ஒரு மணிக்குப் பெரியவர்களோடு தகுதிச் சுற்று, எங்கள் கையில் இருப்பது ஒரு காரும் ஒரு தொப்பியும்.

அதற்குப் பிறகு நான் வேலிக்கு ஓடி வந்தது உனக்குத் தெரியும். "என்னண்ணா, தோத்துட்டீங்களா?" என்று நீ அழப்போனாய். "ஜெயிச்சுட்டோம்டி! லாரி போயிடுச்சு!" என்று கத்தினேன். நீங்கள் பஸ்ஸுக்கு ஓடினது வரைக்கும்தான் பார்த்தேன். பத்தரை மணிக்கு ஹாரன் சத்தம், முன்னால் லாரி, பின்னால் உங்கள் பஸ். காவலாளி உங்களை உள்ளே விடவில்லை, ஒரு வார்த்தை பேச முடியவில்லை. லெயார்கோவைக் கேட்டால் முழுசாகச் சொல்ல மாட்டேன் என்கிறான். என்ன செய்தாய் அவனை?

இன்று இருபத்தெட்டாவது இடம். ஞாயிறு நிற்கப்போவது இருபத்தாறு கார்கள். நாளை இரண்டு பேரைத் தாண்ட வேண்டும். வெள்ளிக்கிழமை வரவேண்டும் என்று உனக்கு யார் சொன்னது?

எர்மெஸ்


செராங்,
சனி காலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, மற்றபடி நலம். லெயார்கோ மூன்று ஐஸ்கிரீம் தின்றான், திட்டவில்லை. இதை அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் பஸ் டிரைவர் ஹூபெர், "இது பஸ்ஸும்மா, ராக்கெட் இல்ல" என்றார். பின்னாலிருந்து நாற்பத்தெட்டுப் பேர் கத்தினதில் ராக்கெட்டாகவே ஆக்கிவிட்டார். எந்த வழி போவது? பிரிமோதான் சொன்னார்: "இத்தாலிக்குப் போற லாரிக்காரன் எவனா இருந்தாலும் லக்ஸம்பர்க் எல்லையிலதான் டீசல் போடுவான். அங்க மலிவு." அங்கேதான் இருந்தான்! படியில் உட்கார்ந்து ரொட்டியில் மோர்தடெல்லா இறைச்சி வைத்துத் தின்றுகொண்டிருந்தான். பஸ்ஸிலிருந்து ஒரு படையே மணியடித்துக்கொண்டு தன் மேல் ஓடி வருவதைப் பார்த்ததும் லாரிக்குள் தாவி ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டான்.

"நான் ஒண்ணும் பண்ணல! லாரியில காசு இல்ல!"

"லெயார்கோ, நான் எர்மெஸ் தங்கச்சிடா! கார் தேறிடுச்சு!"

"எந்தக் கார்?"

"உங்க கார்!"

கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கி, என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னான்: "இல்லம்மா. எங்க கார் தேறாது."

சத்தியம் செய்தேன், நம்பவில்லை. கடைசியில் பிரிமோ உன் பெயர் தெரியும்படி பேனரை லாரி முன்னால் விரித்துக்கொண்டு படுத்துவிட்டார். அப்புறம்தான் அவன் கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது.

யார் சொன்னது என்று கேட்டாய். நீதான் சொன்னாய். ஜூன் முழுக்கத் தபால் பெட்டியையே பார்த்தேன். வாயை மூடத் தெரியாத என் அண்ணன் நீ இரண்டு மாதம் மூடியிருந்தாயே, அதுதான் பதில். திங்கட்கிழமை பேப்பரில் பந்தயப் பட்டியலை ஒவ்வொரு தடவையும் விரல் வைத்துப் படிப்பேன், உன் கார் இருக்காது. அது ஓடுகிற ஒரே நேரம் வெள்ளி காலை எட்டு மணி. நாங்கள் பார்க்க வருவது உன் காரை, ஊரான் காரையா? அதனால் பஸ்ஸை வெள்ளிக்கு மாற்றினேன். சங்கத்தில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. இதை முன்னாலேயே உனக்கு எழுதியிருந்தால் வெட்கப்பட்டே செத்திருப்பாய்.

இப்போது பார் கூத்தை! நாளை நீங்கள் ஓடினால் எங்களில் ஒருவரிடமும் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் இல்லை. எனக்குக் கடையும் உண்டு. சங்கத்து டிவி முன்னால் இருப்போம். ஓடு அண்ணா. அந்த இரண்டு பேரைத் தாண்டு!

நீவெஸ்


லூகோ,
ஆகஸ்ட் 28

அன்புத் தங்கை நீவெஸுக்கு,

நேற்றுதான் வீடு வந்து சேர்ந்தோம். எனக்கு உடம்பெல்லாம் வலி, இவ்வளவு சுகமான வலியை நான் பட்டதில்லை. உன் அண்ணி வெள்ளிக்கிழமை பழக்கதோஷத்தில் பாஸ்தாவுக்கு வைத்த தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுத் தனியாக உட்கார்ந்து அழுதாளாம், சந்தோஷத்தில்.

சனிக்கிழமைத் தகுதிச் சுற்று முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது இருபத்தாறாவது இடம். கடைசி இடம். நாங்கள் கத்தின கத்தலில் அங்கே வந்தவர்கள் எங்களுக்குத்தான் முதலிடம் என்று நினைத்திருப்பார்கள். ஞாயிறு காலை இன்னொரு கூத்து. ஓட்டுகிறவனுக்குச் சுற்று எண்ணிக் காட்டும் பலகை எங்களிடம் இல்லவே இல்லை, தேவைப்பட்டதே இல்லையே! அந்த மருந்தடிச்சாச்சா மனிதர்தான் தங்கள் பலகையில் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். "முடிச்சுட்டுத் திருப்பிக் குடு. உடைச்சுடாதே" என்றார்.

பந்தயத்தை நீ டிவியில் பார்த்திருப்பாய், எங்களை எங்கே காட்டியிருக்கப் போகிறான்? வரிசையில் கடைசியாக அது நின்றது. விளக்கு மாறியது, போனது. அதுவே போதும் என்றுதான் இருந்தேன், நீவெஸ். ஆனால் அது ஒவ்வொரு சுற்றும் திரும்பி வந்துகொண்டே இருந்தது. பெரிய பெரிய கார்கள் புகைந்து நின்றன, முட்டி நின்றன. எங்கள் மஞ்சள் வந்தது, மறுபடி வந்தது. கடைசிச் சுற்றும் வந்தது. கட்டம் போட்ட கொடிக்குக் கீழே போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன். பதின்மூன்றாவது, ஓடி முடித்தவர்களில் கடைசி.

நாங்கள் எல்லோரும் பிட் வாசலில் வரிசையாக நின்றோம், காரை வாங்கிக்கொள்ள. வரவில்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று, வரவில்லை. எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போக வந்த ஆட்கள் பெட்டியோடு காத்திருக்கிறார்கள். கொடியைத் தாண்டியபின் எங்கோ மோதிவிட்டான், டூச்சோவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தோன்றிவிட்டது. ஓடினேன். பிட் பாதை முழுக்க, ஒவ்வொரு அணியாக எட்டிப் பார்த்து, "மஞ்சள் கார் பாத்தீங்களா, மஞ்சள் கார் பாத்தீங்களா" என்று பைத்தியம் மாதிரி கேட்டுக்கொண்டே ஓடினேன். கடைசியில் ஒரு அதிகாரி என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்கய்யா ஓடறே? உன் கார் முடிச்சிருச்சு. முடிச்ச காரெல்லாம் சோதனைக்கு அங்கதான் நிக்கும்."

எனக்குத் தெரியாது நீவெஸ். எங்கள் யாருக்குமே தெரியாது. மூன்று வருஷத்தில் நாங்கள் ஒரு பந்தயத்தைக்கூட முடித்ததில்லையே, முடித்த கார் எங்கே போகும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

வேலி போட்ட முற்றம். உள்ளே உலகத்தின் பெரிய கார்களெல்லாம் வரிசையாக நின்றன. கடைசியில் நம்முடையது, முகமெல்லாம் எண்ணெயும் சேறுமாக. டூச்சோ பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். வேலிக்குள் கையை விட்டேன். காவலாளி தட்டிவிட்டார்.

"தொடக்கூடாது."

"அது என் காருங்க."

"தெரியுது. முடிச்ச காரை யாரும் தொடக்கூடாது."

பிப்ரவரியிலிருந்து தினமும் நான் தொட்ட கார். தொடக்கூடாது என்று ஒருவன் சொன்னதில் எனக்கு அவ்வளவு பெருமை. வேலியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன். வேலிக் கதவைத் திறக்கிற வரைக்கும் நான் அங்கேயேதான் இருந்தேன்.

உன் அண்ணன்,
எர்மெஸ்